பாதிரியார்: சொல் விளக்கம்

திருப்பாதிரிப்புலியூரின் பாதிரி வேறு. அது மரம், குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலிலேயே இருக்கும் பழஞ்சொல். கிறித்தவக் குருவைக் குறிக்கும் பாதிரி போர்த்துக்கீசியரோடு கடல் கடந்து வந்தது. அவர்கள் மொழியில் ‘பாத்ரே’ என்றால் தந்தை. இலத்தீன் ‘பாதெர்’ அதன் மூலம். தகரத்தையும் ரகரத்தையும் சேர்த்துச் சொல்வது தமிழ் நாவுக்கு ஒவ்வாது. நடுவில் ஓர் இகரத்தை இட்டுப் பாதிரி ஆக்கினோம். மரியாதைக்கு ‘ஆர்’ சேர்த்தோம்.

பொருள் தந்தைதான். ஆனால் அந்த உறவு இந்தச் சொல்லில் ஒட்டவில்லை. அவரைப் பற்றிப் பேசும்போது பாதிரியார் என்போம். முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிடுவது வழக்கமில்லை. கூப்பிடும் சொல்லை மக்கள் தாங்களே தேர்ந்துகொண்டார்கள், வந்தவர் தங்களோடு எப்படி வாழ்ந்தார் என்பதைப் பார்த்து.

1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியக் குருவான இராபர்ட் தெ நொபிலிக்கு இது விரைவிலேயே புரிந்தது. ஐரோப்பியர் எல்லாரும் அங்கே ‘பரங்கி’. பாரசீக, அரபு வழி வந்த அந்தச் சொல், ஊரார் வாயில் மாட்டிறைச்சியும் மதுவும் உண்ணும் ஆசாரமற்றவன் என்றே பொருள்பட்டது. நொபிலி காவி உடுத்தினார், மரக்கறி உண்டார், தமிழும் வடமொழியும் கற்றார். தத்துவ போதகர் என்ற பெயர் நிலைத்தது. இந்த வழி சாதி வேற்றுமைக்கும் இடம் கொடுத்தது. அந்தக் குறையை மறைக்க எனக்கு மனமில்லை.

திருநெல்வேலிச் சீமையில் சீர்திருத்தச் (புராட்டஸ்டண்டு) சபையினர் சொன்னது ‘ஐயர்’: போப்பையர், கால்டுவெல் ஐயர். இங்கே அது சாதிப்பெயர் அன்று. தலைவர், பெரியவர் என்னும் பழைய பொருள். கால்டுவெல் 1841இல் இடையன்குடிக்கு வந்தார். ஏறக்குறைய ஐம்பது ஆண்டு அந்தத் தேரிக்காட்டு ஊரோடு வாழ்ந்தார். 1891இல் இறந்தபின் அவர் உடலும் அங்கேதான் அடக்கமாயிற்று. அத்தகையவரைப் ‘பாதிரி’ என்று கூப்பிட யாருக்கு வாய் வரும்? கத்தோலிக்க ஊர்களிலோ ‘சாமி’. “தோத்திரம் சாமி” என்று கைகுவித்துச் சொல்வதைக் கேட்டவர்களுக்கு அதன் நெருக்கம் தெரியும்.

தமிழ் நேர்ச்சொல்? கத்தோலிக்கக் குருவுக்கு அருள்தந்தை என்பதே நல்ல சொல், மூலப்பொருளும் மாறவில்லை. பலர் எழுதும் ‘அருட்தந்தை’ புணர்ச்சிப்படி பிழை: அருள் + தந்தை அருட்டந்தை ஆகும், அல்லது இயல்பாக அருள்தந்தை என்றே எழுதலாம். சீர்திருத்தச் சபைகளில் போதகர், குருவானவர். ‘ஆயர்’ என்று எழுதும்போது மட்டும் கவனம் வேண்டும். கத்தோலிக்கருக்கு அது மறைமாவட்டத் தலைவர்; தென்னிந்தியத் திருச்சபையின் சில பகுதிகளில் சபையை நடத்தும் குரு, அங்கே மேலே இருப்பவர் பேராயர்.