கர்ப்பத்தில் மனசு சரியில்லையா? மசக்கை என்று திருப்பி அனுப்ப விடாதீர்கள்

அவளுக்கு ஏழாம் மாசம். மடித்து மடித்து ஓரம் கிழிந்த ஓ.பி. சீட்டு கையில். "தூக்கமே வரலக்கா, குழந்தை உதைச்சாகூட ஒண்ணும் தோணல" என்றாள். சீட்டு கொடுக்கிற இடத்தில் "மசக்கைதாம்மா" என்றார்களாம். ஏழாம் மாசத்தில் மசக்கையா? மகப்பேறு டாக்டர் மனநலப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே, "கர்ப்பத்துல மாத்திரை குடுக்கலாமான்னு அவங்களையே கேட்டுட்டு வா." அதற்குள் ஓ.பி. முடிந்துவிட்டது.

கர்ப்பிணிகளின் மனநலத்துக்கென்று தனி அட்டை, தனி விண்ணப்பம் எதையும் தேடி அலைய வேண்டாம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமே போதும். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு, அதற்கான அட்டை கையில் இல்லாவிட்டாலும், அரசு மருத்துவமனையில் மனநல சிகிச்சை இலவசம் என்று அதில் தெளிவாக இருக்கிறது. பிக்மி நம்பர் (கர்ப்பத்தைப் பதிந்ததும் கொடுக்கும் எண்) இல்லை என்று திருப்பி அனுப்பினால் அந்தச் சட்டத்தில் அப்படி ஒரு நிபந்தனை இல்லை என்று சொல்லுங்கள். வயது வந்த பெண் தானே விரும்பி சிகிச்சைக்குச் சேர வீட்டுக்காரர் கையெழுத்தும் வேண்டாம்.

அழுகை, பயம், எதிலும் பிடிப்பில்லாமை, படுத்தாலும் தூக்கம் வராதது இரண்டு வாரம் தாண்டினால் கிராம செவிலியரிடம் சொல்லுங்கள். "ஒரு மாதிரியா இருக்கு" என்று சொன்னால் சத்து மாத்திரையோடு முடிந்துவிடும். எத்தனை நாளாகத் தூங்கவில்லை, எத்தனை வேளை சாப்பிடவில்லை என்று கணக்காகச் சொல்லுங்கள். மாதாமாதம் 9ஆம் தேதி நடக்கும் கர்ப்பிணிகள் பரிசோதனையில் டாக்டர் இருப்பார், கூட்டமும் இருக்கும். அதனால் வாய் திறந்ததும் முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். ரத்தசோகை, தைராய்டு பரிசோதனையையும் கேளுங்கள். அவற்றாலும் சோர்வும் மனச்சோர்வும் வரும்.

இரண்டு பிரிவுக்கும் நடுவே பந்தாட விடாதீர்கள். "கர்ப்பம் இத்தனை வாரம், இந்த மாத்திரை கொடுக்கலாமா" என்று ஒருவர் சீட்டில் எழுதட்டும், மற்றவர் அதன் கீழேயே பதில் எழுதட்டும். வாயால் சொல்லி அனுப்பினால் நாளைக்கும் வர வேண்டியிருக்கும். ஏற்கெனவே மனநல மாத்திரை சாப்பிடுபவர் கர்ப்பம் என்று தெரிந்ததும் தானாக நிறுத்திவிடக் கூடாது. அந்த வாரமே டாக்டரைப் பார்க்க வேண்டும், சில மாத்திரைகளை உடனே மாற்ற வேண்டியிருக்கும்.

சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தாலோ, பிரசவத்துக்குப் பிறகு காதில் குரல் கேட்டாலோ ஓ.பி. திறக்கும்வரை காத்திருக்காதீர்கள். 108, இல்லாவிட்டால் நேரே அவசரப் பிரிவு. போலீஸ் கேஸ் ஆகும் என்று மறைக்கிறார்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது அதே சட்டம். பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே பேசலாம்.

"ஆஸ்பத்திரில சேர்ந்தா குழந்தையைப் பிரிச்சிடுவாங்க" என்று பயமுறுத்தும் மாமியார்களும் உண்டு. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைத் தாயிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்பதுதான் சட்டம். தாயின் நோயால் குழந்தைக்கு ஆபத்து, அல்லது குழந்தையின் நலனுக்கும் பாதுகாப்புக்கும் அது தேவை என்று மனநல டாக்டர் கருதினால் மட்டும் தற்காலிகமாகப் பிரிக்கலாம்.

வளைகாப்பு முடிந்து கடலூரிலிருந்து புதுச்சேரி தாய்வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. அங்கே அரசாங்கம் வேறு, உங்கள் பதிவேடு உங்களோடு சேர்ந்து வராது. கிளம்பும் முன் மருந்துச் சீட்டு, ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் இரண்டு செட் ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றை அம்மாவின் கையில் கொடுத்துவிடுங்கள்.