சப்ஸ்ட்ரேட் என்றால் படுகை. 'அடி மூலக்கூறு' அல்ல

"நடப்பட்ட மீன்வளத்தில் அடி மூலக்கூறைச் சேர்த்த பிறகே தண்ணீரை நிரப்பவும்." மீன்தொட்டியில் செடி வளர்ப்பது பற்றிய ஒரு தமிழ்க் குறிப்பில் இப்படி இருந்தது. இந்த 'அடி மூலக்கூறு' இதற்கு முன்பும் எத்தனையோ முறை கண்ணில் பட்டிருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு கடந்து போயிருக்கிறேன். இம்முறை முடியவில்லை. குறிப்பைக் கொண்டுவந்து காட்டியவள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் அண்ணன் மகள். "சித்தப்பா, இதை எத்தனை சொட்டு விட வேண்டும்?" என்று கேட்டாள்.

அவள் மேல் தவறே இல்லை. வேதியியல் படிக்கிற பெண். மூலக்கூறு என்றால் அணுக்கள் பிணைந்து உண்டாவது என்று அவளுக்குத் தெரியும். அதைத் தண்ணீரில் 'சேர்க்க' வேண்டும் என்றால் ஏதோ மருந்து என்றுதானே நினைப்பாள்? சொல்ல வந்ததோ தொட்டியின் அடியில் பரப்பும் மண்ணையும் மணலையும். ஆங்கிலத்தில் அதற்குச் சப்ஸ்ட்ரேட் என்று பெயர்; அதைத்தான் 'அடி மூலக்கூறு' என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள்.

சப்ஸ்ட்ரேட் லத்தீன் வழி வந்த சொல். 'சப்' என்றால் கீழ். 'ஸ்டெர்னெரே' என்றால் விரித்தல், பரப்புதல். கீழே விரிக்கப்பட்டது சப்ஸ்ட்ராட்டம். வேர் இவ்வளவுதான். இதில் மூலமும் இல்லை, கூறும் இல்லை.

பிறகு மூலக்கூறு எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது? உயிர்வேதியியலில் நொதி (என்சைம்) எந்தப் பொருளின் மேல் செயல்படுகிறதோ அதையும் ஆங்கிலத்தில் சப்ஸ்ட்ரேட் என்பார்கள். அங்கே அது உண்மையாகவே ஒரு மூலக்கூறு. ஆகவே அந்தத் துறையில் இப்படி எழுதுகிறவருக்கு ஒரு காரணமாவது உண்டு. அங்கும் 'தளப்பொருள்' என்ற நல்ல சொல் இருக்கிறது என்பது வேறு விஷயம். ஆனால் நொதிக்குச் சொன்னதைத் தூக்கி வந்து மணலுக்குச் சூட்டுவது எந்த வகையில் சேர்த்தி? மீன்தொட்டியில் போடும் மணல் பெரும்பாலும் சிலிக்கா. அதில் சிலிக்கானும் ஆக்சிஜனும் தொடர்ந்த வலைப்பின்னலாகப் பிணைந்திருக்கின்றன; தண்ணீரில் இருப்பதுபோலத் தனித்தனி மூலக்கூறுகள் சிலிக்காவில் கிடையாது. மூலக்கூறே இல்லாத ஒரு பொருளுக்கு மூலக்கூறு என்று பெயர். தமிழாகவும் பிழை, அறிவியலாகவும் பிழை. முன்னால் 'அடி' என்று போட்டுவிட்டால் இந்தப் பிழை தீர்ந்துவிடுமா?

ஆங்கிலத்தில் ஒரே சொல் பத்து வேலை செய்கிறது என்பதற்காகத் தமிழிலும் பத்து இடத்துக்கும் ஒரே சொல்லைப் போட வேண்டியதில்லை. நொதிக்கு ஒன்று, மின்னணுச் சில்லுக்கு அடியில் இருக்கும் தகட்டுக்கு ஒன்று, செடி வேர் விடும் மண்ணுக்கு ஒன்று என்று பிரித்துச் சொன்னால் குழப்பம் குறையும். பிரித்துச் சொல்லும் வளம் தமிழுக்கு இருக்கிறது.

சிலர் 'அடித்தளம்' என்கிறார்கள். அது கட்டடத்தைத் தாங்குவது; இறுகியிருக்க வேண்டியது. வேர் ஓட வேண்டிய இடம் இறுகினால் என்ன ஆகும்? மிக நுண்ணிய மணலை ஆழமாகப் போட்டால் அது அப்படித்தான் இறுகிப்போகிறது. உள்ளே ஆக்சிஜன் புகாமல், அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகிறது, வேர் கறுக்கிறது. 'அடிமண்' பரவாயில்லை. ஆனால் மேல்மண்ணுக்குக் கீழே இருக்கும் வளம் குறைந்த மண்ணுக்கு வேளாண்மையில் அந்தப் பெயர் ஏற்கெனவே வழங்குகிறது. நமக்கு வேண்டியது நேர் எதிரான பொருள்.

என் தேர்வு 'படுகை'. படு என்ற வேரிலிருந்து வந்த சொல். கீழே படிந்து கிடப்பது. ஆற்றுப் படுகை என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. அதைவிட முக்கியமாக, ஆற்றோரம் வண்டல் படிந்து பயிர் விளையும் நிலத்துக்கும் படுகை என்றே பெயர். தண்ணீருக்கு அடியில் கிடப்பது, செடிக்குச் சோறிடுவது என்ற இரண்டு பொருளும் இந்தச் சொல்லுக்குள் முன்பே இருக்கின்றன. நதி முழுதும் நீர் வாங்கும் பரப்பைப் படுகை என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றனவே என்று கேட்கலாம். அதற்கு 'வடிநிலம்' இருக்கிறது. அதை அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

படுகை என்று வைத்துக்கொண்டால் மற்றவை தானாக அமைகின்றன. ஊட்டமில்லாத மணலும் சரளையும் வெறும் படுகை. ஊட்டம் கொண்ட மண் உருண்டைகள் ஊட்டப் படுகை. இந்த உருண்டைகளில் பல வகைகள் நீரின் கார்பனேட் கடினத்தன்மையையும் (கரைந்துள்ள கார்பனேட், பைகார்பனேட்டின் அளவு) அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவையும் குறைக்கும், முதல் சில வாரங்களுக்கு அம்மோனியாவையும் விடும். என் அண்ணன் மகள் காட்டிய குறிப்பில் இதற்குப் பெயர் 'செயலில் உள்ள அடி மூலக்கூறு'. அதைக் கழுவக் கூடாது என்ற எச்சரிக்கை சரியானதுதான். கழுவினால் உருண்டை கரைந்து சேறாகும். ஆனால் எதைக் கழுவக் கூடாது என்பதே புரியாதவருக்கு அந்த எச்சரிக்கை எதற்கு? மணலையோ தெளிவாகத் தண்ணீர் வடியும்வரை கழுவித்தான் ஆக வேண்டும்.

நுண்மணலுக்கு அயிர், நீர் அரித்து வரிவரியாக விட்ட கருமணலுக்கு அறல், சிறுகல்லுக்குப் பரல் என்று நீரடி மண்ணை இத்தனை கூர்மையாகப் பார்த்துப் பெயர் வைத்த மொழி இது. அதில் எழுதுகிறவர் அகராதியைக்கூடத் திறக்காமல், இயந்திரம் துப்பியதை அப்படியே ஒட்டுகிறார். 'பிளான்டட் அக்வேரியம்' என்பதற்கு 'நடப்பட்ட மீன்வளம்' வேறு! மீன்வளம் என்பது கடலிலும் குளத்திலும் இருக்கும் மீன் செல்வம். அதை யாரும் நட முடியாது. செடித்தொட்டி என்றால் போதும். மண்ணை நாம் சேர்ப்பதும் இல்லை, உப்பைத்தான் சேர்ப்போம். மண்ணைப் பரப்புவோம், கொட்டுவோம், இடுவோம். பெயர்ச்சொல்லைக் கெடுத்தவர்கள் வினைச்சொல்லையும் விட்டுவைக்கவில்லை.

அந்தக் குறிப்பை இப்படி மாற்றி எழுதிக் கொடுத்தேன்: "தொட்டியின் அடியில் படுகையைப் பரப்புங்கள். முன்புறம் 3 செ.மீ., பின்புறம் 7 அல்லது 8 செ.மீ. உயரம் இருக்கட்டும். அதன்மேல் ஒரு தட்டை வைத்து, தண்ணீரைத் தட்டின் மேல் மெல்ல ஊற்றுங்கள், படுகை கலையாது."

படித்துவிட்டு, "செடியை நட்ட பிறகு தண்ணீரா, முன்பா?" என்று கேட்டாள். முதலில் படுகை நனையும் அளவுக்கு மட்டும் ஊற்று, ஈரத்தில் நடு, பிறகு நிரப்பு என்றேன்.