மாட்டு விலை இறங்கினால் யார் கை கொடுப்பார்?

மேச்சேரிப் பக்கத்திலிருந்து ஒருவர் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தார். கறவை ஒரு லிட்டராகக் குறைந்துவிட்ட கலப்பினப் பசு. முந்தின சந்தையில் விலை சொல்லத் தரகர் துண்டுக்கடியில் பிடித்த விரல்கள் அவர் மனசை ஆறவே விடவில்லை. "போன மாசம் நாப்பது கேட்டவன், இப்ப இருவத்தஞ்சுக்கு மேல விரலை நீட்ட மாட்டேங்கறானுங்க டாக்டர். வெளிநாட்டுல வெலை எறங்குனா கவர்மெண்டே காசு குடுக்குதாமே?"

போனில் பார்த்திருக்கிறார். தகவல் சரிதான். 2019இல் அயர்லாந்தில் மாட்டிறைச்சி விலை சரிந்தபோது, ஐரோப்பிய ஒன்றியமும் அந்நாட்டு அரசும் ஆளுக்குப் பாதி போட்டு 10 கோடி யூரோ ஒதுக்கின. அறுப்புக்குப் போன மாடு ஒன்றுக்கு 100 யூரோ. சும்மா இல்லை, மாட்டுச் சாணத்தின் வழியே நிலத்தில் சேரும் நைட்ரஜனை 5 சதவீதம் குறைக்க வேண்டும் என்று நிபந்தனை. அமெரிக்காவில் விலை இறக்கத்துக்கே காப்பீடு உண்டு. பிரீமியத்தில் ஒரு பங்கை அரசு கட்டுகிறது.

நமக்கு அப்படி எதுவும் கிடையாது. நெல்லுக்கு இருக்கிற ஆதரவு விலை மாட்டுக்கு இல்லை. 2017 மே மாதம், இறைச்சிக்காகச் சந்தையில் மாடு விற்கக் கூடாது என்று மத்திய அரசு விதி போட்டது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்த விதிக்குத் தடை போட்ட பிறகும் வியாபாரிகள் தயங்கித்தான் நின்றார்கள். அதற்காக யாருக்கும் இழப்பீடு வந்து நான் பார்க்கவில்லை. மாட்டுக் காப்பீடும் செத்தால்தான், விலை செத்தால் இல்லை.

பேசிக்கொண்டே கையுறை மாட்டிப் பரிசோதித்தேன். நாலு மாதச் சினை! சினை ஊசி நிற்கவில்லை என்று நினைத்து அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட இருந்தார். என் அனுபவத்தில் சந்தை விலையைவிட அவசரம்தான் அதிகம் நஷ்டப்படுத்துகிறது. தீவனத்துக்குக் காசில்லை, அதனால் விற்கிறார்கள்.

அந்த இடத்தில்தான் கிசான் கடன் அட்டை கை கொடுக்கும். பயிருக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். மாடு வளர்ப்பவருக்கும் உண்டு, சொந்த நிலம் இல்லாவிட்டாலும். 2 லட்சம் வரை வங்கியில் 7 சதவீத வட்டி. தவணை தவறாமல் கட்டினால் 3 சதவீதம் தள்ளுபடி, ஆக 4தான். 2025 ஜனவரியிலிருந்து 2 லட்சம் வரை அடமானமும் கேட்கக் கூடாது. கூட்டுறவுச் சங்கத்தில் கெடுவுக்குள் கட்டினால் வட்டியே இல்லை. ஆனால் இது தீவனம், பராமரிப்புச் செலவுக்கான கடன். புது மாடு வாங்க இதைக் கேட்டு அலையாதீர்கள்.

காப்பீட்டை விட்டுவிடவும் கூடாது. தேசிய கால்நடை இயக்கத்தில் 2024 முதல் பிரீமியத்தில் நம் பங்கு 15 சதவீதம்தான், மிச்சம் அரசு. ஒரே சிக்கல், மாட்டின் காதில் 12 இலக்க அடையாள எண் போட்ட வில்லை இருக்க வேண்டும். அது இல்லாமல் செத்த மாட்டுக்கு எந்தக் கம்பெனியும் லேசில் பணம் தராது.

கிளம்பும்போது பசுவின் காதைத் திருப்பிப் பார்த்தேன். ஓட்டை இருந்தது, வில்லை இல்லை. "வேலியில மாட்டிப் பிஞ்சு போச்சுங்க, ஆறு மாசமாச்சு" என்றார் சாதாரணமாக. புதுசு ஒன்று அடித்துத்தான் அனுப்பினேன்.