ஸ்கிப் என்றால் விலக்கு: கெர்னல் நினைவகச் சோதனையில் ஒரு சொல்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் நினைவகச் சோதனைகளை ஓட்டினால் பாஸ், ஃபெயில் இரண்டோடு மூன்றாவதாக 'ஸ்கிப்' என்றும் ஒரு முடிவு வரும். இந்தச் சோதனை நடக்கவில்லை, நடத்தத் தேவையான வசதி இந்தக் கணினியில் இல்லை என்று அர்த்தம். கெர்னலோடு வரும் கே-செல்ஃப்டெஸ்ட் தொகுப்பில் ஒரு சோதனை நிரல் 0 என்ற எண்ணோடு முடிந்தால் வெற்றி, 1 என்றால் தோல்வி, 4 என்றால் ஸ்கிப். மென்பொருளைத் தொகுக்க உதவும் ஆட்டோமேக் கருவியில் இதே வேலைக்கு 77.

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் மூலப்பொருள் துள்ளுவது, குதிப்பது. ஸ்காண்டிநேவியப் பக்கமிருந்து வந்த சொல்லாகக் கருதுகிறார்கள். குதித்துப் போகிறவன் நடுவில் உள்ளதை விட்டுவிடுகிறான் அல்லவா, அப்படித்தான் 'விட்டுவிட்டுப் போ' என்ற பொருளும் சேர்ந்தது. சோதனை உலகத்தில் இதற்கு நிலையான இடம் கொடுத்தது டேப் என்னும் வெளியீட்டு முறை. 1987இல் பெர்ல் மொழியின் முதல் பதிப்புக்கான சோதனைகளில் அது தொடங்கியது, கே-செல்ஃப்டெஸ்டும் இன்று அதைத்தான் பின்பற்றுகிறது. இந்த முறையில் ஸ்கிப் ஆன சோதனையின் வரியும் 'ஓகே' என்றே தொடங்கும், ஸ்கிப் என்ற குறிப்பும் காரணமும் அதற்குப் பிறகுதான் வரும். வரியின் தொடக்கத்தை மட்டும் எண்ணுகிற ஸ்கிரிப்ட், நடக்காத சோதனையையும் வெற்றிக் கணக்கில் சேர்த்துவிடும்.

தமிழில் 'தவிர்ப்பு', 'தாண்டல்' என்று எழுதுகிறார்கள். பொத்தானில் 'தவிர்' என்று போடுவது சரி, ஏனென்றால் அங்கே தவிர்ப்பது மனிதர். சோதனை முடிவுக்கு அது பொருந்தவில்லை, செய்ய முடிந்தும் ஒதுங்கிப் போன மாதிரி ஒலிக்கிறது. என் தேர்வு 'விலக்கு'. விலகு தன்வினை, விலக்கு அதன் பிறவினை. பழைய உரைகளில் விதி, விலக்கு என்று ஜோடியாக வரும்போது விலக்கு என்பது 'செய்யாதே' என்ற கட்டளை, இன்று வரிவிலக்கு என்று சொல்லும்போது 'உனக்கு இது பொருந்தாது' என்ற அனுமதி. இந்த இரண்டாவது பொருள்தான் நமக்கு வேண்டும். வரிவிலக்கு என்றதும் "எந்த அடிப்படையில்?" என்று கேட்போம் இல்லையா, சோதனை விலக்கிலும் அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தே ஆக வேண்டும்.

அந்த அடிப்படையை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் பிரச்சினையே. நினைவகப் பாதுகாப்புச் சாவிகளை எடுத்துக்கொள்வோம். நினைவகம் பக்கங்கள் என்ற துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும், அவற்றின் விவரம் பக்க அட்டவணையில் இருக்கும். அந்த அட்டவணையின் ஒவ்வொரு பதிவிலும் ஒரு சாவி எண் இருக்கும், செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடமான பதிவகம் ஒன்றை மாற்றினாலே அந்த எண் கொண்ட எல்லாப் பக்கங்களின் அனுமதியும் மாறிவிடும். இன்டெல், ஏஎம்டி செயலிகளின் வகையான எக்ஸ்86இல் இதற்கு 4 பிட், ஆக 16 சாவிகள், எல்லாச் செயலிகளிலும் இந்த வசதி கிடையாது. நிரல் கெர்னலிடம் சாவி கேட்கும் அழைப்பான பிகீ-அலாக், வசதியே இல்லாவிட்டாலும் ஈ-நோ-ஸ்பேஸ் ('இடமில்லை') என்ற பிழையைத் திருப்பும், இருந்த சாவிகளெல்லாம் தீர்ந்துபோனாலும் அதே பிழையைத்தான் திருப்பும். அந்தப் பிழையைப் பார்த்து "சரி, வசதி இல்லை போல" என்று சோதனை விலகிக்கொண்டால், கெர்னலில் சாவியைத் திரும்பப் பெறாத பிழை ஒன்று இருந்தாலும் அது விலக்கு என்ற பெயரில் மறைந்துவிடும், யாரும் கவனிக்கவும் மாட்டார்கள்.

அதனால் சோதிக்கப்படுகிற அழைப்பிடமே விலக்கு கேட்கக் கூடாது. செயலியிடம் தனியாகக் கேட்க வேண்டும். எக்ஸ்86இல் சிபியுஐடி கட்டளை இரண்டு பிட்களைத் தருகிறது: பிகேயு என்றால் வன்பொருளில் வசதி இருக்கிறது, ஓஎஸ்பிகேஇ என்றால் கெர்னல் அதை இயக்கியும் இருக்கிறது. முதல் பிட்டே இல்லையென்றால் விலக்கு. முதலாவது இருந்து இரண்டாவது இல்லையென்றாலும் விலக்குதான், ஆனால் காரணம் வேறு, கணினியைத் தொடங்கும்போது நோபிகேயு என்று கொடுத்து அணைத்திருக்கலாம். இரண்டும் இருந்து, நிரல் இன்னும் ஒரு சாவிகூட எடுக்காத நிலையில் பிகீ-அலாக் மறுத்தால் அது அப்பட்டமான தோல்வி, அதை விலக்கு என்று எழுதுவது தப்பு.

எல்லா வன்பொருள் வேறுபாட்டுக்கும் விலக்கு தேவையில்லை. பக்க அளவு எக்ஸ்86இல் 4 கேபி, ஆர்ம்64 என்ற இன்னொரு செயலி வகையில் 4, 16, 64 கேபி என்று மூன்று வாய்ப்பு. 4096 (4 கேபியின் பைட் கணக்கு) என்று நிரலிலேயே எழுதிவைத்த சோதனை 64 கேபி கெர்னலில் உடைந்தால், அங்கே விலக்கு கொடுக்காமல், பக்க அளவை ஓடும்போதே கெர்னலிடம் கேட்டு வாங்கும்படி சோதனையைத் திருத்த வேண்டும். வழக்கமான அளவைவிடப் பெரிய பக்கங்களான பெரும்பக்கங்கள் ஒதுக்கப்படாததால் வரும் விலக்கோ வன்பொருள் சார்ந்ததே இல்லை, நிர்வாகி ஒதுக்கிக் கொடுத்தால் சோதனை ஓடிவிடும். "பெரும்பக்கம் 2 தேவை, இருப்பது 0" என்று காரணத்தை எழுதினால் படிப்பவருக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியும்.

கே-செல்ஃப்டெஸ்டில் எக்ஸ்ஃபெயில் என்று இன்னொரு முடிவும் உண்டு, அதன் எண் 2. அதில் சோதனை ஓடும், தோற்கும் என்பது முன்பே தெரிந்த விஷயம். அதை 'எதிர்பார்த்த தோல்வி' என்றே சொல்லலாம், விலக்கோடு சேர்க்கக் கூடாது.

எழுதும்போது ஒன்று: 'விலக்கப்பட்டது' என்று போட்டால் சோதனையையே தொகுப்பிலிருந்து நீக்கிவிட்டதாகப் படும். 'விலக்கு: செயலியில் பாதுகாப்புச் சாவி வசதி இல்லை' என்று பெயர்ச்சொல்லாக வைத்துக் காரணத்தை ஒட்டி எழுதுங்கள்.