வெள்ளி வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதம்

எங்கள் ஒழுங்கையில் தையல் வேலை செய்யும் அக்கா ஒருவர், இரண்டு வருடமாக மாதாமாதம் மிச்சம் பிடித்து வெள்ளி சேர்த்தார். சின்னக் கட்டி, காசு, ஒரு குத்துவிளக்கு. மகனின் படிப்புச் செலவுக்கு விற்கப் போனபோது, கடைக்காரர் விளக்கை உரசிப் பார்த்துவிட்டுச் சொன்னது: “இது முலாம் தங்கச்சி. உள்ளுக்கு வேற.” வாங்கிய கடைக்கு ஓடினார். “எங்கட சாமான் எண்டதுக்கு என்ன அத்தாட்சி?” என்று கேட்டார்கள். அக்காவின் கையில் இருந்தது கடையின் பெயர்கூட இல்லாத ஒரு துண்டு. அதில் ஒரு தொகை மட்டும் எழுதியிருந்தது.

அவரோடு பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறைப்பாடு கொடுக்க நானும் போனேன். காலம் கடந்துவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். சட்டப்படி அது சரிதான். ஆனால் அந்தச் சட்டத்தை வாங்குகிற அன்றைக்கு அவருக்குச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

சட்டம் இதுதான். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, நீங்கள் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுத் தரவேண்டும். பொருளைப் பற்றிப் பொய் சொல்லி விற்பது குற்றம். ஏமாற்றப்பட்டால் முறைப்பாடு செய்யலாம். விசாரித்துவிட்டு, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ பொருளை மாற்றிக் கொடுக்கவோ நட்டஈடு கொடுக்கவோ அதிகாரசபை கட்டளையிடலாம்.

பொறி இருப்பது இரண்டு இடத்தில். முறைப்பாடு எழுத்தில் இருக்கவேண்டும். விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்கவேண்டும். போலி என்று நீங்கள் கண்டுபிடித்த நாளிலிருந்து மூன்று மாதம் என்று நினைக்காதீர்கள், வாங்கிய நாளிலிருந்துதான் கணக்கு. சேமிப்புக்கு வெள்ளி வாங்குகிறவர் அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு ஐந்து வருடம் கழித்துத்தான் திறப்பார். அப்போது இந்தச் சட்டம் அவருக்கு உதவாது. ஆகவே வாங்கின கிழமையே சோதியுங்கள். விற்ற கடையில் வேண்டாம். யாழ்ப்பாணத்தில் கன்னாதிட்டியிலோ கஸ்தூரியார் வீதியிலோ உங்களுக்குத் தெரிந்த வேறொரு பத்தரிடம் கொடுத்து உரைகல்லில் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டிலும் ஒரு சோதனை செய்யலாம். கட்டிக்கும் காசுக்கும் மட்டுமே சரிவரும். உள்ளுக்கு வெறுமையான விளக்குக்கும் கொலுசுக்கும் சரிவராது. இரண்டு தசமம் காட்டும் சிறிய இலத்திரனியல் தராசில் முதலில் கட்டியை நிறுங்கள். பிறகு தண்ணீர்க் கிளாசைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்குங்கள். கட்டியை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் முட்டாமல் முழுவதும் மூழ்க விடுங்கள். 100 கிராம் சுத்த வெள்ளி என்றால் தராசு ஏறக்குறைய 9.5 காட்டும். ஈயம் 8.8 அளவில் நிற்கும். பித்தளை, ஜெர்மன் சில்வர் என்றால் 11க்கு மேலே போகும். காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை என்று ஆறுதல் அடையாதீர்கள். செம்பும் பித்தளையும்கூடக் காந்தத்தில் ஒட்டாது.

ஜெர்மன் சில்வர் என்ற பெயரைக் கேட்டு ஏமாந்தவர்கள் நிறையப் பேர். அது செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த கலவை. அதில் வெள்ளி ஒரு துளியும் இல்லை. 925 என்ற முத்திரைக்குப் பொருள் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி என்பது. 999 என்பது சுத்த வெள்ளி. அந்த எண்ணைச் செய்தவரே குத்திவிடலாம். எண்ணைப் பார்த்து நம்பாமல், அதே எண்ணைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். அப்போதுதான் அது கடைக்காரரின் வாக்கு ஆகும்.

பற்றுச்சீட்டு விசயத்தில்தான் எங்கள் ஆட்கள் கூச்சப்பட்டே கெட்டுப்போகிறார்கள். “தெரிஞ்ச ஆக்களுக்குள்ள பில் என்னத்துக்கு அக்கா?” என்பார்கள். சட்டத்தில் ‘கேட்டால்’ என்று இருக்கிறது, கேட்காவிட்டால் கிடைக்காது. “இல்லைத் தம்பி, வீட்டில கணக்கு வைக்கிறம், எழுதித் தாங்கோ” என்று சொல்லிவிட்டு நில்லுங்கள். மதிப்பீடு என்று எழுதிய துண்டு பற்றுச்சீட்டு இல்லை. ‘வெள்ளிச் சாமான் 1’ என்று எழுதியதும் உதவாது. கடையின் பெயர், முகவரி, திகதி, 999 அல்லது 925, கிராமில் தனி வெள்ளியின் நிறை, கிராம் விலை, செய்கூலி என்று எல்லாம் தனித்தனியாக வேண்டும். கல், அரக்கு, நூல் எல்லாம் வெள்ளி விலைக்கு நிறுக்கப்படுவது தனி வெள்ளியின் நிறையைச் சீட்டில் எழுதாததால்தான். வற் (பெறுமதி சேர் வரி) என்று சேர்த்தால், பதிவு இலக்கம் சீட்டில் இருக்கிறதா பாருங்கள். பதிவில்லாதவர் அந்த வரியை அறவிட முடியாது. 2024 தையிலிருந்து அது 18 வீதம், சின்னத் தொகை இல்லை.

தராசையும் பாருங்கள். வியாபாரத் தராசுக்கு வருடாவருடம் அளவீட்டு அலகுகள் திணைக்களத்தின் முத்திரை இடவேண்டும். முத்திரையைக் காட்டச் சொல்லிக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

விலையை நீங்களே போடப் பழகுங்கள். உலகச் சந்தை விலை ஒரு ட்ரோய் அவுன்சுக்குச் சொல்லப்படும்; அது 31.1 கிராம். கணக்குக்காக, அவுன்ஸ் 31.1 டொலர், டொலர் 300 ரூபா என்று வைத்தால் கிராம் 300 ரூபா. அதற்கு மேலே கேட்பது எல்லாம் வரி, கூலி, இலாபம். திருப்பி விற்கும்போது அந்த மேல்காசு வராது. அதனால்தான் சிறுகச் சேமிக்கிறவருக்கு விளக்கும் குங்குமச்சிமிழும் சேமிப்பு ஆகாது என்கிறேன். ஐந்து கிராம் காசுகளை மாதாமாதம் வாங்குவதைவிட, நாலைந்து மாதம் பணத்தைச் சேர்த்து ஒரு பெரிய கட்டி வாங்கினால் கிராமுக்குக் கூலி குறையும். வாங்கும் முன்னரே, “திருப்பித் தந்தால் என்ன கழிப்பீங்கள்?” என்று கேட்டு அதையும் சீட்டின் பின்னால் எழுதுவியுங்கள்.

இன்னொன்று. அவசரத்துக்கு அடகு வைக்கலாம் என்று எண்ணி வாங்காதீர்கள். வங்கிகளின் அடகுப் பிரிவு பொதுவாகத் தங்கத்துக்குத்தான். வெள்ளியோடு போனால் பெரும்பாலும் திரும்பித்தான் வரவேண்டியிருக்கும்.

ஏமாந்துவிட்டீர்கள், மூன்று மாதம் இன்னும் முடியவில்லை என்றால், அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துச் சொன்னதோடு நிற்காதீர்கள். ஒரு பக்கத்தில் நடந்ததைத் திகதியோடு தமிழிலேயே எழுதுங்கள். தமிழ் ஆட்சிமொழி, தமிழில் எழுதினால் தமிழில் பதில் தருவது அவர்களின் கடமை. சிங்களத்தில் கடிதம் வந்தால் தமிழில் தரும்படி திருப்பி எழுதுங்கள். பற்றுச்சீட்டின் பிரதியை மட்டும் இணையுங்கள், மூலத்தை ஒருவரிடமும் விடாதீர்கள். கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) நேரே கொடுத்தால், உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் கதிரையை விட்டு எழும்பாதீர்கள். “முத்திரை தேவையில்லை அம்மா, நாங்கள் பார்க்கிறம்” என்று சொன்னால், அன்றைக்கே பதிவுத்தபாலில் இன்னொரு பிரதி அனுப்பித் துண்டை வைத்திருங்கள். “முதல்ல கடையோட கதைச்சுப் பாருங்கோ” என்று அனுப்பினாலும் முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டே போய்க் கதையுங்கள். கதைத்துக் கதைத்தே மூன்று மாதமும் ஓடிப்போன ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

பிறகு “கொழும்புக்கு அனுப்பியாச்சு” என்ற பதில் வரும். இரண்டு மூன்று தரம் அதே பதில் என்றால், பேருந்துக் காசை இன்னும் செலவழிக்கவேண்டாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அதே அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள்: என்னுடைய இன்ன திகதி முறைப்பாடு இப்போது யாரிடம் இருக்கிறது, என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்கவேண்டும்.