ஆன்டிடிரஸ்ட்: சொல்லும் பொருளும் தமிழ் நிகரும்

அமெரிக்கத் தொலைக்காட்சிகளின் விளையாட்டு ஒளிபரப்புக் கட்டணம் பற்றிய வழக்குச் செய்திகளில் ‘ஆன்டிடிரஸ்ட்’ என்னும் சொல் தவறாமல் இடம்பெறுகிறது. ‘ஆன்டி’ என்பது எதிர் என்று பொருள்படும் கிரேக்க முன்னொட்டு. ‘டிரஸ்ட்’ பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்து நம்பிக்கை என்னும் பொருளில் நிலைத்த சொல். இரண்டையும் ஒட்டி ‘நம்பிக்கை எதிர்ப்பு’ என்று பெயர்த்தால் பொருள் அடியோடு கெட்டுவிடும்.

ஒருவர் மற்றொருவரின் பயனுக்காகச் சொத்தைப் பொறுப்பேற்று நிர்வகிக்கும் ஏற்பாட்டுக்கும் ஆங்கிலச் சட்டத்தில் டிரஸ்ட் என்றே பெயர்; நம்மிடையே வழங்கும் அறக்கட்டளை அதன் ஒரு வகை. 1882இல் அமெரிக்கத் தொழிலதிபர் ராக்ஃபெல்லரின் எண்ணெய் நிறுவனமான ஸ்டாண்டர்ட் ஆயில் இந்த ஏற்பாட்டை வணிகத்துக்குத் திருப்பியது. ஏறத்தாழ 40 நிறுவனங்களின் பங்குகள் 9 பொறுப்பாளர்களிடம் ஒப்படைக்கப்பட, பெயரளவில் தனித்தனியாக நின்றவை விலையிலும் உற்பத்தியிலும் ஒரே கையின் விரல்களாயின. சர்க்கரை, விஸ்கி உற்பத்தியாளர்களும் அவ்வழியே சென்றனர். இக்கூட்டுகளை ஒடுக்க 1890இல் ஷெர்மன் சட்டம் வந்தது. அதன் முதற்பிரிவு வணிகத்தை முடக்கும் கூட்டு உடன்பாடுகளையும், இரண்டாம் பிரிவு ஒரு சந்தை முழுவதையும் ஒருவரே ஆளும் முற்றுரிமையைக் கைப்பற்றும் முயற்சிகளையும் தடை செய்தன. டிரஸ்ட் என்னும் வடிவம் விரைவில் வழக்கொழிந்தது; அதை எதிர்த்துப் பிறந்த பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

தமிழ் இதழ்களில் ‘ஏகபோக எதிர்ப்பு’, ‘முற்றுரிமைத் தடுப்பு’ ஆகியவை இதற்கு நிகராக வழங்குகின்றன. பிழையில்லை என்றாலும், இவை இரண்டாம் பிரிவின் பொருளை மட்டுமே சுட்டுகின்றன. முதற்பிரிவு குறிவைக்கும் கூட்டு இவற்றில் விடுபடுகிறது. விளையாட்டு ஒளிபரப்பு வழக்குகளில் பெரும்பாலும் அந்தக் கூட்டே கேள்விக்குள்ளாகிறது.

அமெரிக்கக் கால்பந்தின் என்எஃப்எல் அமைப்பில் இன்று 32 அணிகள் உள்ளன. அணிகள் தங்கள் ஆட்டங்களைத் திரட்டி சிபிஎஸ் தொலைக்காட்சி நிறுவனத்துக்கு மொத்தமாக விற்றது செல்லாது என்று 1961இல் ஃபிலடெல்ஃபியாவிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சில மாதங்களிலேயே நாடாளுமன்றம் விளையாட்டு ஒளிபரப்புச் சட்டத்தை நிறைவேற்றி, அத்தகைய மொத்த விற்பனைக்கு ஷெர்மன் சட்டத்திலிருந்து விலக்கு அளித்தது. ஆயினும் அவ்விலக்கு விளம்பரதாரர் பணத்தில் நடக்கும் ஒளிபரப்புக்கு மட்டுமே உரியது என்றும், சந்தா செலுத்திப் பார்க்கும் செயற்கைக்கோள் சேவைக்குப் பொருந்தாது என்றும் 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று கூறியது.

அந்த இடைவெளியில் சிக்கியதுதான் 1994இல் டைரக்டிவி என்னும் செயற்கைக்கோள் தொலைக்காட்சி நிறுவனம் தொடங்கிய ‘சண்டே டிக்கெட்’ என்னும் சந்தாத் தொகுப்பு. உள்ளூர் அணியின் ஆட்டத்தை இலவச அலைவரிசையில் காணலாம். வெளியூர் அணியின் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைக் காண விரும்புபவர், ஒரே ஓர் அணியின் ரசிகராயினும், முழுத் தொகுப்பையும் வாங்க வேண்டியிருந்தது. 2015இல் சான் பிரான்சிஸ்கோ மதுக்கூடம் ஒன்று தொடுத்த வழக்கு, ஏறத்தாழ 24 லட்சம் வீட்டுச் சந்தாதாரர்களுக்கும் 48,000 வணிக நிலையங்களுக்குமான குழு வழக்காக விரிந்தது. அணிகள் தனித்தனியே விற்றிருந்தால் விலை குறைந்திருக்கும் என்பது வாதிகளின் வாதம். இலவச ஒளிபரப்பு தாராளமாக இருக்கையில் இது கூடுதல் வசதி மட்டுமே என்றது என்எஃப்எல். ஒரு பருவத்துக்கு 70 டாலருக்கு விற்கலாம், தனி அணியாகவும் வாங்க விடலாம் என்று ஈஎஸ்பிஎன் விளையாட்டுத் தொலைக்காட்சி முன்வைத்த திட்டம் ஏற்கப்படவில்லை என்பதும் விசாரணையில் வெளிவந்தது. விலை உயர்வாக இருப்பதே நோக்கமா என்ற ஐயம் எழ இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

2024 ஜூனில் லாஸ் ஏஞ்சலீஸ் நீதிமன்ற நடுவர் குழு (ஜூரி) ஏறத்தாழ 470 கோடி டாலர் இழப்பீடு வழங்கச் சொன்னது. இவ்வகை வழக்குகளில் இழப்பீடு மும்மடங்காகும் என்பதால் தொகை 1,400 கோடியைத் தாண்டியிருக்கும். ஆனால் வாதிகள் தரப்புப் பொருளியல் வல்லுநர்களின் கணிப்புமுறை நம்பத்தக்கதன்று என்று கூறிய நீதிபதி ஃபிலிப் குட்டியரஸ், ஆகஸ்ட் 1 அன்று அத்தீர்ப்பை நீக்கினார்.

இவ்வழக்கை ‘முற்றுரிமை வழக்கு’ என்று மட்டும் எழுதினால், 32 அணிகள் கூடி விற்றதே குற்றச்சாட்டு என்பது வாசகருக்குப் புலப்படாது. ‘வணிகக் கூட்டுத் தடை’ என்பது மூலப்பொருளுக்கு நெருங்கியது. ஆனால் அதில் முற்றுரிமை விடுபடும். ‘போட்டித் தடுப்பு’ போட்டியையே தடுப்பதாகப் பொருள் தந்து நேர்மாறாகிவிடும். இரு பிரிவுகளையும் தழுவுவது ‘போட்டிக் காப்பு’ என்பது என் கருத்து. இந்தியச் சட்டமும் இத்திசையில் பெயர் மாறியிருக்கிறது: 1969ஆம் ஆண்டுச் சட்டம் முற்றுரிமையின் பெயரைத் தாங்கியது; அதன் இடத்தைப் பிடித்தது 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம். ஐபிஎல் ஒளிபரப்பு உரிமத்தை வாங்கியவருக்கு, போட்டியாக வேறு டி20 தொடரை அனுமதிக்க மாட்டோம் என்று உறுதியளித்ததற்காக, இந்திய கிரிக்கெட் வாரியத்துக்கு 2017இல் 52.24 கோடி ரூபாய் அபராதம் விதித்த அமைப்பின் பெயரும் இந்தியப் போட்டி ஆணையம் என்பதே.