மரத்தின் படத்தில் மரமே போடும் கோடுகள்

மரங்களைக் காட்டும் மரச்செதுக்கு அச்சு ஒன்று கைக்கு வந்தால், முதலில் கறுப்பைப் பாருங்கள். அது மரப்பலகையில் செதுக்காமல் விட்ட இடம். உளி தோண்டிய பள்ளத்தில் மை ஏறாது; மேடாக நிற்கும் பகுதியில்தான் உருளை மையைத் தடவும். மேலே தாளை வைத்துக் கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்தாலே படம் இடவலம் மாறித் தாளில் இறங்கிவிடும்.

சரி, இதில் எது கடினம்? கறுப்பு வானத்தில் வெள்ளைக் கிளை என்றால் உளியை ஒருமுறை தள்ளினால் முடிந்தது. வெள்ளை வானத்தில் கறுப்புச் சுள்ளி என்றால், இருபுறமும் மரத்தை எடுத்துவிட்டு நடுவில் மெல்லிய வரப்பை நிறுத்த வேண்டும். அது மரத்தின் நார் ஓடும் திசையோடு போனால் தாங்கும். குறுக்கே போனால் உள்ளே இருப்பவை துண்டு நார்கள். கொஞ்சம் அழுத்தினாலும் பிய்ந்துவிடும். நான் எந்த அச்சிலும் முதலில் தேடுவது அப்படிக் குறுக்கே நீளும் சன்னமான கிளையைத்தான். கைத்திறன் அங்கே தெரியும்.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் தாமஸ் பிவிக் வேறு வழியை வளர்த்தெடுத்தார். பாக்ஸ்வுட் என்னும் இறுகிய மரத்தைக் குறுக்காக அறுத்து, நார்முனைகள் தெரியும் முகத்தில் செதுக்கினார். அங்கே எந்தத் திசையிலும் உளி தடங்கலின்றி ஓடும். இலை இலையாகக் காட்டலாம். ஆனால் ரேகை, அதாவது பலகையில் மரமே போட்டு வைத்திருக்கும் கோடுகள், தொலைந்துவிடும். எனக்கு அது பெரிய இழப்பு.

ரேகை அச்சில் எப்படி வருகிறது? செட்டிநாட்டில் விடை வாசலிலேயே நிற்கிறது. நகரத்தார் பர்மாவிலிருந்து கொண்டுவந்த தேக்கில் செய்த வாசல் நிலையை உற்றுப் பாருங்கள். வளர்பருவத் தொடக்கத்தில் தேக்கு தண்ணீர் ஏற்றப் பெரிய குழாய்களை உண்டாக்கும். போகப் போக அவை சிறுத்துவிடும். நீளவாக்கில் அறுக்கும்போது பெரிய குழாய்கள் திறந்து நுண்ணிய பள்ளங்களாகும். மை உருளை அவற்றைத் தொடாமல் தாண்டிவிடும். யாரும் செதுக்காத வெள்ளைக் கீற்றுகள் விழுவது அப்படித்தான்.

பைன் மரத்தில் கதை வேறு. பருவத் தொடக்கத்தில் வளர்ந்த பகுதி மெத்து, பிறகு வந்தது கெட்டி. கம்பித் தூரிகையால் தேய்த்தால் மெத்தானது உள்வாங்கும், கெட்டியானது எழும்பி நின்று மை வாங்கும். நார்வே ஓவியர் எட்வர்ட் மூங்க் 1896இல் மரச்செதுக்கில் இறங்கினார். பலகையின் ரேகையைப் பல அச்சுகளில் மறைக்காமல் படத்தின் பகுதியாகவே விட்டார்.

வார்னிஷ் பூசாத பழைய தேக்குப் பலகை கிடைத்தால் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்துப் பாருங்கள். மேடு கறுக்கும், குழாய்கள் வெள்ளையாகத் தங்கும். அந்தக் கீற்றுகள் நெடுக்காக நின்றால் அடிமரத்துக்குப் பட்டை தானே வந்துவிடும். கிடையாகத் திருப்பினால் மரத்தடியில் ஊருணித் தண்ணீர். எது வேண்டும் என்பதை, உளியை எடுக்கும் முன்பே, பலகையை எந்தப் பக்கம் வைப்பது என்னும்போதே ஓவியர் முடிவு செய்துவிடுகிறார்.